தூண்டு

தூண்டு என்பது வினைச்சொல். மங்கும் விளக்கின் திரியை மேலே தள்ளிச் சுடரை நிமிர்த்துவது இதன் கண்கூடான பொருள். அதற்கான கோல் தூண்டுகோல். திரியைத் தள்ளாமலே எரிவது தூண்டாவிளக்கு. ஒருவரை ஒரு செயலில் இறங்கவைப்பது என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ‘படிக்கத் தூண்டினார்’, ‘கலவரத்தைத் தூண்டினார்’ என நன்மைக்கும் தீமைக்கும் தமிழில் இந்த ஒரே சொல்தான்.

மும்பை பாண்டுப்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் கவனம் தேவை. இந்தியின் ‘உக்ஸானா’வும் திரியை ஏற்றுவதையும் ஆளைக் கிளப்பிவிடுவதையும் ஒருசேரக் குறிக்கும், இந்த ஒற்றுமை வியப்புக்குரியது. ஆனால் இன்றைய இந்திப் பேச்சில் அதற்குப் பெரும்பாலும் கெட்ட பொருள்தான். மராத்தியின் ‘சித்தாவணி’யும் அப்படியே. ‘ஆசிரியர் என்னை எழுதத் தூண்டினார்’ என்பதை ‘உக்ஸானா’ போட்டுச் சொன்னால், நன்றி குற்றச்சாட்டாகிவிடும். அங்கே இரு மொழிக்கும் பொதுவான ‘பிரேரணா’வே பொருந்தும்.

பேச்சுத்தமிழில் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. சீண்டினால் கோபம் சீண்டியவர் மேலேயே திரும்பும். உசுப்பேற்றினால் அது மூன்றாம் ஆள்மேல் பாயும். கொளுத்திப் போடுகிறவர் பற்றவைத்துவிட்டு விலகி நிற்பார். தென்மாவட்டங்களில் ‘உசுப்பு’ என்றால் தூங்குபவரை எழுப்புவதும்தான். அதில் பழி ஏதும் இல்லை.

பாடநூல்களில் மின்காந்தத் தூண்டல், தூண்டல்–துலங்கல் என்று தூண்டு என்னும் சொல் கலைச்சொல்லாகிவிட்டது.

சட்டத்தில் தூண்டுதல் வேறு, சினமூட்டல் வேறு. பிறரைக் குற்றம் செய்யத் தூண்டுபவர் உடந்தைக் குற்றவாளி. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் தற்கொலைக்குத் தூண்டுதல் 306ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 108. கடுமையான, திடீர்ச் சினமூட்டலோ கொலைக்குற்றத்தின் கடுமையைக் குறைக்கக்கூடியது. 1959இல் மும்பையில் நடந்த கொலை வழக்கில் கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி தரப்பு இந்த விலக்கைக் கோரியது. மனைவி வேறொருவருடனான உறவை ஒப்புக்கொண்டதைக் கேட்டபின் அவர் குடும்பத்தைத் திரையரங்கில் விட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி பெற்று, பிறகே அந்த ஆளைச் சுட்டார். இடையில் ஏறக்குறைய 3 மணி நேரம் கழிந்திருந்தது. சினம் ஆறப் போதிய நேரம் இருந்ததென்று 1961இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது.