மண்பானைக்கு வந்த ஆஸ்திரேலியக் குஞ்சுகள்

சென்னை வட்டாரத்தில் 'லவ் பேர்ட்ஸ்' எனப்படும் பட்ஜரிகர், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுச் சிறுகிளியாகும். 1805இல் ஜார்ஜ் ஷா அதனை விவரித்து எழுத, 1840இல் ஜான் கூல்ட் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றபின் அது கூண்டுப் பறவையாகப் பரவியது. சென்னையில் மூர் மார்க்கெட், 1985இல் தீக்கிரையாகும்வரை, பழைய நூல்களோடு வளர்ப்புப் பறவைகளுக்கும் பெயர்பெற்றிருந்தது. நாட்டுப் பச்சைக்கிளியை வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்க, அயல்நாட்டுப் பறவையான இது அத்தடைக்கு வெளியே நின்றது.

காட்டில் மரப்பொந்தில் முட்டையிடும் இப்பறவைக்கு, இங்கே பக்கத்தில் துளையிட்ட மண்பானையே பொந்தாயிற்று. மலிவும் குளிர்ச்சியும் கொண்ட அப்பானை, மேலைநாட்டு மரப்பெட்டியைவிட நம் கோடைக்குப் பொருத்தமானது என்றே சொல்லலாம். பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, ஏறத்தாழ 18 நாள் அடைகாப்பதால், குஞ்சுகளும் ஒரே நாளில் பொரிவதில்லை; மூத்தது இறகு முளைக்கத் தொடங்கும்போது கடைசிக் குஞ்சு கண் திறவாமல் வெற்றுடலோடு கிடக்கும். ஆண்பறவை பெட்டைக்கு ஊட்ட, பெட்டை தன் இரைப்பையில் கூழாக்கிய உணவைக் குஞ்சுகளுக்குக் கக்கி ஊட்டும். தினை, தண்ணீர், சுண்ணாம்புச் சத்துக்காகக் 'கடல் நுரை' எனப்படும் கணவாய் ஓடு ஆகியவற்றை வைத்துவிட்டு, பானையை அடிக்கடி கலைக்காதிருப்பதே வளர்ப்பவரின் வேலை. ஏறத்தாழ ஐந்து வாரத்தில் குஞ்சுகள் தாமே வெளியேறிவிடும்.