கையுறையோடு வந்த சொற்கள்

குளிர் நாட்டுக்கு வந்த எங்கள் எல்லோருக்கும் கையுறை தெரியும். கடையில் நல்ல தோல் கையுறையைப் போட்டுப் பார்த்து, விலையைக் கண்டதும் திரும்ப வைத்தும் இருப்போம். ஆனால் ஜெர்மனியில் அந்த மெல்லிய தோல் கையுறைத் தொழிலை வளர்த்தவர்கள் அகதிகள் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரான்சில் நான்காம் ஹென்றி மன்னன் 1598இல் புரட்டஸ்தாந்துக்காரருக்கு வழிபாட்டுரிமை கொடுத்தான். பேரன் பதினான்காம் லூயி 1685இல் அதைப் பறித்தான். போதகர்கள் இரண்டு கிழமைக்குள் வெளியேற வேண்டும். சாதாரண சனம் போகவே கூடாது. பிடிபட்ட ஆண்களைத் துடுப்புக் கப்பலில் சங்கிலியால் கட்டினார்கள். அப்படியிருந்தும் ஒன்றரை, இரண்டு லட்சம் பேர் களவாக எல்லை கடந்தார்கள். (ஏஜென்சிக்காரர் அப்பவும் இருந்திருப்பினம் போல!) ஹியூகனோட் எனப்படும் இந்தச் சனத்தோடுதான் 'ரெஃபியுஜி' என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு வந்தது.

கையுறைக்குப் பேர்போன கிரெனோபிள் நகரத் தொழிலாளரும் அவர்களில் இருந்தார்கள். 1686இல் கிறிஸ்டியான் எர்ன்ஸ்ட் என்ற சிற்றரசர் எர்லாங்கனில் இவர்களுக்கென்று ஒரு புது நகரையே கட்டத் தொடங்கினார். அங்கே காலுறையும் கையுறையும் பெருந்தொழிலாயின.

வேலை லேசுப்பட்டதல்ல. ஆட்டுக்குட்டித் தோலைப் படிகாரம், உப்பு, மாவு, முட்டை மஞ்சட்கரு சேர்த்த கூழில் போட்டு மிதித்துப் பதமாக்குவார்கள். பிறகு பளிங்குக் கல்லில் விரித்து, அகலக் கத்தியால் உள்பக்கத்தைச் சீவி மெல்லிதாக்குவார்கள். இதற்கு ஜெர்மன்காரர் சொல்லுவது 'டோலீரன்'. அது பிரெஞ்சுச் சொல். எர்லாங்கனில் வந்தவர்களின் வாரிசுகள் பிரெஞ்சு பேசுவதை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. தொழிற் சொல் மட்டும் போகவில்லை. எங்கட பிள்ளைகளின் வாயில் எந்தத் தமிழ்ச் சொல் மிஞ்சுமோ?

சீவிய தோலை ஈரப்படுத்தி இழுத்து, உள்ளங்கைக்கும் புறங்கைக்கும் சேர்த்து ஒரே துண்டாக வெட்டுவார்கள். அது 'எத்தாவியோன்'. கை நுழையும்போது அகலத்தில் நெகிழ வேண்டும், நீளத்தில் இழுபடக்கூடாது. கெட்டிக்காரனின் கை அதில்தான் தெரியும். பெருவிரல் தனித் துண்டு. விரல்களுக்கிடையே தைக்கிற ஒடுங்கிய பட்டி 'ஃபூர்ஷெத்', அதாவது சின்ன முட்கரண்டி. ஆங்கிலேயரும் அதே பெயரைத்தான் சொல்லுவினம்.

அளவு ஒன்றுக்கும் ஒழுங்கிருக்கவில்லை. கிரெனோபிளைச் சேர்ந்த சவியே ஜுவேன் கைகளை அளந்து தரம் பிரித்து, 1834இல் அளவு முறையொன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். 1838இல் 'இரும்புக் கை' என்ற வெட்டு அச்சைக் கொண்டுவந்தார். பல தோல்களை அடுக்கி ஒரே அழுத்தில் வெட்டலாம். பிரஸ் மெஷினில் நிற்கிற எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தையல் நெடுங்காலம் கிராமத்துப் பெண்களின் வீட்டு வேலையாகவே இருந்தது.

அடுத்தமுறை கடையில் தோல் கையுறையைப் புரட்டிப் பாருங்கள். 7 என்று போட்டிருந்தால் அது சென்டிமீற்றர் அல்ல, பழைய பிரெஞ்சு அங்குலம். ஒன்று 27 மில்லிமீற்றர். பெருவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் ஏறக்குறைய 19 சென்டிமீற்றர் வரும்.