நிலத்தின் தர்மகர்த்தாக்கள்

ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு என்று உடனே விடை கூறிவிடுவோம். ஆனால் நிலத்தின் சொந்தம் என்பது பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு. உழும் உரிமை, விளைவை எடுத்துக்கொள்ளும் உரிமை, விற்கும் உரிமை, வீடு கட்டும் உரிமை, மக்களுக்கு விட்டுச் செல்லும் உரிமை ஆகியவை யாவும் அதில் அடங்கும். நம் வரப்பின்மேல் நடந்து செல்லும் உரிமையை அடுத்த வயற்காரர் பெற்றிருப்பதும் உண்டு. நிலம் நம்முடையது, வழி அவருடையது. இந்தச் சட்ட நுட்பத்தையே கருவியாகக் கொண்டு, அமெரிக்காவில் ஒரு வட்டாரத்து மக்கள் தங்கள் பண்ணை நிலங்களைக் காத்துக்கொண்ட வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இவ்வரலாற்றின் வேர் மாசசூஸெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டன் நகரம் விரைந்து பரவி, சுற்றியிருந்த தோப்புகளையும் ஓடைக்கரைகளையும் விழுங்கிவந்தது. சார்லஸ் எலியட் என்ற இளம் நிலவனப்புக் கலைஞர், 1890-ஆம் ஆண்டில் ஒரு வார இதழுக்குக் கடிதம் எழுதினார். நூல்களைப் பொதுமக்களுக்காக நூல்நிலையம் வைத்திருப்பது போலவும், ஓவியங்களைக் கலைக்கூடம் வைத்திருப்பது போலவும், அழகிய நிலப்பகுதிகளைப் பொதுமக்களுக்காக வைத்துக் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்பதே அவர் கருத்து. மறு ஆண்டே, 1891-இல், மாநிலச் சட்டமன்றம் அத்தகைய தர்மகர்த்தாக் கழகத்தை நிறுவிச் சட்டம் இயற்றியது. மகளை இழந்த தாய் ஒருத்தி, மகளின் நினைவாக ஸ்டோன்ஹாம் என்னும் ஊரில் இருந்த 20 ஏக்கர் வனத்தைக் கழகத்துக்கு அளித்தாள். அதுவே முதற்கொடை. எலியட் 37-ஆம் வயதில், 1897-இல் மறைந்தார். அதற்குள் இங்கிலாந்தில் தேசிய அறக்கட்டளை 1895-இல் தோன்றிவிட்டது.

ஆயினும் எலியட்டின் முறை வனப்புமிக்க இடங்களுக்கே பொருத்தமாயிருந்தது. தோப்பை வாங்கிக் காவல் வைக்கலாம். உழவன் வாழும் நிலத்தை அவ்வாறு வாங்கிவிட்டால், நிலம் நிற்கும், உழவன் நிற்பானா? இக்கேள்விக்கு விடை பிறந்த இடம் கலிபோர்னியாவின் மரின் கவுண்டி.

மரின், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, கடல் வாயிலுக்கு அப்பால் இருக்கிறது. மூடுபனி ஈரத்தில் புல் செழிக்கும் குன்றுகள் நிறைந்த நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து வெண்ணெய் பாய்மரக் கப்பல்களில் நகரத்துக்குச் சென்றது. 1937-இல் கோல்டன் கேட் பாலம் திறக்கப்பட்டபின், நகரம் குன்றுகளை நோக்கி நடக்கத் தொடங்கியது. மேற்கு மரினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் குடியேற்றுவதற்கு 1967-இல் திட்டம் தீட்டப்பட்டது. மாட்டுப் பண்ணைகளின் விலை புல்லைக் கொண்டு மதிக்கப்படாமல், மனைகளைக் கொண்டு மதிக்கப்படலாயிற்று.

1970-களின் தொடக்கத்தில் கவுண்டி நிர்வாகம் அத்திட்டத்தைக் கைவிட்டு, பண்ணைப் பகுதியில் 60 ஏக்கருக்கு ஒரு வீடு மட்டுமே கட்டலாம் என்று விதித்தது. இது நல்ல விதிதான். ஆனால் ஒரு தேர்தலில் வந்தவர்கள் செய்த விதியை, அடுத்த தேர்தலில் வருபவர்கள் அழித்துவிடலாம். பண்ணையாளர்களுக்கும் மனக்குறை இருந்தது. தங்கள் நிலத்தின் மதிப்பு ஈடின்றிக் குறைக்கப்பட்டதாக அவர்கள் எண்ணினர்.

இந்நிலையில் 1980-இல் இரண்டு பெண்மணிகள் ஒரு வழி கண்டனர். ஒருவர் ஃபில்லிஸ் ஃபேபர், தாவரவியல் அறிஞர். மற்றவர் எல்லன் ஸ்ட்ராஸ்; ஹாலந்திலிருந்து அகதியாக வந்து, டொமேல்ஸ் விரிகுடாக் கரையில் கணவருடன் பால்பண்ணை நடத்தியவர். இயற்கைப் பற்றாளரும் பண்ணையாளரும் எதிரெதிரே நின்ற காலத்தில், இவ்விருவரும் சேர்ந்து மரின் வேளாண் நில அறக்கட்டளையை நிறுவினர். பண்ணை நிலத்துக்கென்றே அமெரிக்காவில் தோன்றிய முதல் அறக்கட்டளை அதுவே.

அது செயற்படும் முறையைக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு பண்ணை சந்தையில் 100 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். வீடு கட்டும் உரிமை நீங்கிவிட்டால் அது 60 ரூபாயே பெறும். அறக்கட்டளை, இடையிலுள்ள 40 ரூபாயைக் கொடுத்து அந்த ஓர் உரிமையை மட்டும் வாங்குகிறது. உடன்படிக்கை ஆவணமாகப் பதிவாகிறது. நிலம் பண்ணையாளருக்கே சொந்தம். விற்கலாம், மக்களுக்கு விடலாம். யார் கைக்குச் சென்றாலும், மனைகளாகத் துண்டு போடக்கூடாது என்ற கட்டுப்பாடு நிலத்தோடு செல்லும். ஆண்டுதோறும் அறக்கட்டளையார் சென்று பார்வையிட்டு, மீறினால் நீதிமன்றத்தை நாடுவர்.

அந்தப் பணம் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். தந்தை இறக்கிறார், நான்கு மக்களில் ஒருவனுக்கே பண்ணையில் நாட்டம். மற்றவர்கள் தத்தம் பங்கைக் கேட்கின்றனர். நிலத்தை விற்றால்தான் பங்கு கொடுக்க முடியும் என்ற நிலையில், இத்தொகை உடன்பிறந்தோரின் பங்கைத் தீர்த்துப் பண்ணையை நிற்கவைக்கிறது. 1988-இல் மாநில வாக்காளர்கள் ஒப்பிய கடன்பத்திரத்தின் வழியாக மரினின் பண்ணைகளுக்கு ஒரு கோடியே 50 லட்சம் டாலர் கிடைத்தது. 2012-இல் கவுண்டி மக்கள் தாமே விற்பனை வரியைக் கால் சதவீதம் கூட்டிக்கொண்டு, அதில் ஐந்திலொரு பங்கைப் பண்ணை நிலக் காப்புக்கு ஒதுக்கினர். இவ்வாறு 50,000 ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது.

இம்முறையில் குறையும் உண்டு. கட்டடம் எழாமல் தடுக்கும் பத்திரம், பால் கறக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தாது. செல்வர் ஒருவர் பண்ணையை வாங்கி, ஓய்வு மாளிகையின் தோட்டமாக வைத்துக்கொள்ளக் கூடும். இதை உணர்ந்த அறக்கட்டளையார், நிலம் தொடர்ந்து வேளாண்மையில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பிற்காலப் பத்திரங்களில் சேர்த்தனர்.

இதற்கு அருகிலேயே மற்றொரு பாடமும் இருக்கிறது. பாயிண்ட் ரேயஸ் முனையைத் தேசியக் கடற்கரையாக்க 1962-இல் சட்டம் இயற்றப்பட்டது. அரசு அங்குள்ள பண்ணைகளை முழுமையாக விலைக்கு வாங்கியது; பண்ணையாளர்கள் குத்தகைதாரர்களாயினர். சுற்றுச்சூழல் வழக்குகளுக்குப் பின், 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உடன்படிக்கையின்படி அங்கே 12 பண்ணைகள் ஈடு பெற்று வெளியேற இசைந்தன. உரிமைக் கட்டு முழுவதையும் விற்றவர் இருப்பதும் போவதும் பிறர் முடிவாயிற்று. ஒன்றை மட்டும் விற்றவர் உடைமையாளராகவே இருக்கிறார். இரண்டில் எது நாட்டுக்கு நன்று என்பது பற்றி அங்கே இன்னும் வாதம் நடக்கிறது.

என்றென்றைக்கும் என்று ஒரு தலைமுறை எழுதும் பத்திரம் வரும் தலைமுறைகளையும் கட்டுகிறதே, அது முறையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனினும், குன்றை வெட்டி வீடுகளை எழுப்புவதும் வரும் தலைமுறையைக் கட்டுப்படுத்தும் செயலே. சட்டம் பயிலும் மாணவர்களும் வரலாறு பயிலும் மாணவர்களும் இவ்விரு கட்டுகளையும் ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.