சூரியப் பிழம்பு – காமாக் கதிர் வெடிப்பு: பிரித்தறிதல்

செயற்கைக்கோளின் உணர்கருவி உயர் ஆற்றல் கதிர்களைத் திடீரெனப் பதியும்போது, அவை சூரியனிலிருந்து வந்தனவா, அண்டவெளியின் தொலைவிலிருந்து வந்தனவா எனத் தெளியும் முறை. சூரியனின் காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் சட்டென விடுபடுவது சூரியப் பிழம்பு. பெருநிறை விண்மீன் குலையும்போதோ நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணையும்போதோ எழுவது காமாக் கதிர் வெடிப்பு. மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் உப்பை விளைவிக்கும் வெயில் தரையை எட்டுகிறது. ஆனால் பிழம்பு, வெடிப்பு ஆகிய இவ்விரு நிகழ்வுகளின் எக்ஸ் கதிர்களையும் காமாக் கதிர்களையும் வளிமண்டலம் உறிஞ்சிவிடுகிறது. ஆகவே அவற்றை விண்வெளியிலிருந்தே அளக்கிறார்கள்.

தோற்றம்

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க 1963 முதல் அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2 அன்று அவை முதல் காமாக் கதிர் வெடிப்பைப் பதிந்தன. ஒரே வெடிப்பு வெவ்வேறு வேலாக்களை எட்டிய நேர வேறுபாட்டைக் கொண்டு அதன் திசை பின்னர் கணிக்கப்பட்டது. 1969–72 காலத்தில் பதிவான 16 வெடிப்புகள் பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வந்தவை அல்ல என்று கிளெபெசாடெல், ஸ்ட்ராங், ஓல்சன் என்னும் அறிவியலாளர் மூவரும் 1973-இல் அறிவித்தனர். சூரியனை ஐயமற விலக்கியதாலேயே ஒரு புதிய வானியல் துறை பிறந்தது.

அடையாளங்கள்

முதல் அடையாளம் திசை: பிழம்பின் கதிர்கள் சூரியன் இருக்கும் திசையிலிருந்தே வரும், செயற்கைக்கோள் பூமியின் நிழலில் இருக்கையில் பதிவானது பிழம்பாக இருக்க முடியாது. இரண்டாவது ஆற்றல்: பிழம்பில் குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர்களே மிகுதி, வெடிப்பின் ஆற்றல் பெரும்பாலும் பல நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் உச்சம் தொடும். மூன்றாவது காலம்: பிழம்பு பல நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரை நீடித்து மெல்லத் தணியும், வெடிப்பு பெரும்பாலும் நொடிக்கும் குறைவிலிருந்து சில நூறு நொடிகளுக்குள் முடியும். காலம் மட்டும் போதாது. மூன்றும் ஒத்துவந்தால்தான் முடிவு உறுதி.

இந்தியாவில்

1994 மே 4 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஸ்ராஸ்-சி2 செயற்கைக்கோள், காமாக் கதிர் வெடிப்பு உணர்கருவியைச் சுமந்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு படக்கருவி, அக்டோபர் 6 அன்று இயங்கத் தொடங்கிய நாளிலேயே ஒரு வெடிப்பைப் பதிந்தது. நாளைக் கொண்டே அதற்கு 151006ஏ எனப் பெயர். சூரியனை நோக்கும் ஆதித்யா-எல்1 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டது. அதன் ஹீலியோஸ் கருவி அக்டோபர் 29 அன்று ஒரு பிழம்பின் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களைப் பதிந்தது. 2024 ஜனவரி 6 முதல் ஆதித்யா, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், கிரகணத்தாலும் மறைக்கப்படாத சூரியனைத் தொடர்ந்து பார்த்துவருகிறது.