குழந்தையின் அசைவு கூறும் செய்தி



“வளர வளரச் சரியாகிவிடும்; சற்றுப் பொறுத்திருங்கள்.” பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளின் பெற்றோர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஆறுதல் மொழி இது. அந்தப் பொறுமைக்கு விலையாகக் கழிந்தவையோ, இளம் மூளை மிக விரைந்து வளரும் முதல் மாதங்கள். அம்மாதங்களை மீட்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1861ஆம் ஆண்டில் இலண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தின் முன்னிலையில் வில்லியம் ஜோன் லிற்றில் என்னும் வைத்தியர் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். சிறுபராயத்து நோயினாற் பாதம் வளைந்து துன்புற்றவர் அவர். கைகால் விறைத்த பிள்ளைகள் பலரின் பிறப்பு விவரங்களை ஆராய்ந்து, குறைமாதப் பிறப்பு, கடினமான பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்புண்டு என்றார். எந்தக் குழந்தையை விழிப்புடன் கவனிக்கவேண்டும் என்பதற்கு அது வழிகாட்டியாயிற்று.

பின்னாளில் உளப்பகுப்பாய்வினாற் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட் 1897இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். கடினமான பிரசவமே, கருவில் முன்னர் நேர்ந்த கோளாற்றின் அறிகுறியாயிருக்கலாம் என்பது அவர் கூற்று.

காரணம் பற்றிய வாதம் நீண்டது. ஆனால், தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்கு நோய் உண்டா என்றறிய, அது உரிய காலத்தில் இருக்கவும் நடக்கவும் தவறும்வரை காத்திருப்பதே வழக்கமாயிருந்தது. ஓராண்டும் ஈராண்டும் அவ்வாறே கழிந்தன.

அவ்வழக்கத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர், நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரிற் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல். விழித்திருக்கும் குழந்தை தானாகவே அசைவதை வீடியோவிற் பதிந்து அவர் நோக்கினார். பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து மூன்று மாதமளவில், நலமுள்ள குழந்தையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் நுண்ணிய அசைவுகள் ஓயாது தோன்றும். 1997இல் அவர் குழுவினர் 130 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவ்வசைவுகள் இயல்பாயிருந்த 70 குழந்தைகளுள் 67 பேர் நலமாக வளர்ந்தனர். அவை இல்லாத அல்லது பிறழ்ந்த 60 பேருள் 57 பேரிடம் பின்னர் நரம்பு வளர்ச்சிக் குறை காணப்பட்டது.

2017இல் பல நாட்டு நிபுணர்கள் வெளியிட்ட பரிந்துரை, இவ்வசைவு ஆய்வையும் மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தையும் நரம்புப் பரிசோதனையையும் ஒருங்கே கொண்டால், ஐந்து மாதத்துக்கு முன்னரே நோயைப் பெரிதும் துணிந்துரைக்கலாம் என்றது. உறுதி கிட்டாவிடினும், ஐயம் எழுந்தவுடனேயே பயிற்சி தொடங்கவேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

நேயர்களே, குறைமாதத்திற் பிறந்த குழந்தையின் தாய், “ஏதோ மாறுபாடு தெரிகிறது” என்று கூறினால், பொறுத்திருக்கச் சொல்வது இனி ஆறுதலன்று. அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே ஆறுதல்.