செல்பேசி நிறுவனத்தை மாற்றும் முன்: மைசூருவாசிகள் அறிய வேண்டியவை

மைசூரு: கட்டணம் உயரும்போதும், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மொட்டை மாடிக்கு ஏற நேரும்போதும், வேறு செல்பேசி நிறுவனத்துக்கு மாறிவிடலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. எண்ணை இழக்காமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி நாட்டில் முதன்முதலாக 2010 நவம்பர் 25 அன்று ஹரியாணாவில் தொடங்கப்பட்டு, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மாறுவதற்கான கட்டணம் 7 ரூபாய்க்கும் குறைவு. ஆனால், மாறிய பின்னர் 90 நாள்களுக்கு மீண்டும் வேறு நிறுவனத்துக்குச் செல்ல இயலாது என்பதை அவசரத்தில் பலர் கவனிப்பதில்லை.

இதற்கு அண்மைக்கால உதாரணம் 2024-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய மூன்று நிறுவனங்களும் கட்டணத்தை 10 முதல் 27 சதவீதம் வரை உயர்த்தின. பிஎஸ்என்எல் உயர்த்தவில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட தரவுகளின்படி, அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் எண்ணிக்கை 29 லட்சத்துக்கும் மேல் கூடியது. ஆகஸ்டில் மேலும் 25 லட்சம் சேர்ந்தது. ஆனால் நவம்பரில் நிலைமை தலைகீழானது. அந்நிறுவனம் 3 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களை இழந்தது. அப்போது பிஎஸ்என்எல்லின் 4ஜி கோபுரப் பணிகள் முடிந்திருக்கவில்லை. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் 4ஜி சேவையைப் பிரதமர் முறைப்படி தொடங்கிவைத்தது 2025 செப்டம்பர் 27 அன்றுதான். எனவே 2024-இன் அனுபவத்தைக் கொண்டு இன்றைய சேவையை எடைபோடுவதும் சரியாகாது.

தனியார் நிறுவனங்களுக்கு இடையே விலைக்காக மட்டும் மாறுவதில் பெரிய ஆதாயம் இல்லை. 2024 உயர்வுக்குப் பின் 28 நாள்களுக்கான தினசரி டேட்டா திட்டம் ஒன்றை மூன்று நிறுவனங்களுமே 299 ரூபாய்க்கு வழங்கின. நாளொன்றுக்கான டேட்டா அளவில்தான் வேறுபாடு இருந்தது. இணையம் தேவைப்படாத முதியவர்களுக்கு நிறுவனத்தை மாற்றுவதைவிடத் திட்டத்தை மாற்றுவதே பயன் தரும். அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டத்தை அனைத்து நிறுவனங்களும் வழங்க வேண்டும் என டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அத்தகைய திட்டங்கள் 2025 ஜனவரி முதல் விற்பனையில் உள்ளன.

ஆகவே முடிவைத் தீர்மானிக்க வேண்டியது சிக்னல்தான். அதுவும் நகரத்துக்கான சிக்னல் அல்ல, அவரவர் அன்றாடம் புழங்கும் இடங்களுக்கான சிக்னல். ஜியோவின் 5ஜி 2022 டிசம்பரிலேயே மைசூருவுக்கு வந்துவிட்டது. ஆனால் குவெம்புநகரில் வீடும் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலையும் உள்ள ஒருவர், மாதம் ஒருமுறை நஞ்சன்கூடு, சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதை இறங்கிச் சத்தியமங்கலம் செல்பவராகவும் இருக்கலாம். நகருக்குள் 5ஜி வேகமாக இருப்பது அந்தக் காட்டுப் பாதையிலோ, எச்.டி.கோட்டை வட்டத்தின் வனத்தையொட்டிய ஊர்களிலோ அழைப்பு கிடைக்கும் என்பதற்கு உறுதியாகாது. தசரா நாள்களில் அரண்மனை அருகே நின்று வேகத்தைச் சோதித்து முடிவெடுப்பதும் வீண். லட்சக்கணக்கானோர் கூடும்போது எந்த நிறுவனத்தின் கோபுரமும் திணறத்தான் செய்யும்.

எந்தப் பகுதியில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் வெளியிடுவது தற்போது கட்டாயம். ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். எனினும் வரைபடம் பச்சையாக இருக்கும் இடத்திலும் தடித்த சுவர் கொண்ட பழைய வீட்டின் உள்ளறையில் இணைப்பு அறுந்துபோகக்கூடும். இதற்கு நம்பகமான வழி, மாற விரும்பும் நிறுவனத்தின் புதிய சிம் ஒன்றைச் சுமார் 200 ரூபாய் செலவில் 28 நாள் திட்டத்துடன் வாங்கி, செல்பேசியின் இரண்டாவது சிம் இடத்தில் பொருத்திப் பார்ப்பதாகும். வீடு, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, சொந்த ஊர்ப் பயணம் ஆகிய அனைத்தும் அதற்குள் ஒரு சுற்று வந்துவிடும். 90 நாள் சிக்கிக்கொள்வதோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவே. பிஎஸ்என்எல் 4ஜிக்குப் பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பழைய கருவிகள் சில ஏற்பதில்லை என்பதால், அந்நிறுவனத்துக்கு மாறுவோர் தங்கள் கருவியையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற முடிவு செய்தவர்கள், ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, தங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். தகுதி இருந்தால் எட்டு எழுத்து, எண்கள் கொண்ட யுபிசி எனப்படும் குறியீடு வந்து சேரும். போஸ்ட்பெய்டு பில் பாக்கி, 90 நாள் நிறைவடையாமை, எண்ணின் உரிமை மாற்றக் கோரிக்கை நிலுவை போன்ற காரணங்கள் இருப்பின் குறியீடு கிடைக்காது. கர்நாடகத்தில் இக்குறியீடு 4 நாள்களுக்குச் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில் அடையாள ஆவணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மனம் மாறினால், ‘கேன்சல்’ என ஆங்கிலத்தில் எழுதி எண்ணுடன் 1900-க்கு அனுப்பிக் கோரிக்கையைத் திரும்பப் பெறலாம்.

ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் 3 வேலை நாள்களிலும், வேறு வட்டத்துக்கு மாறுவதாயின் 5 வேலை நாள்களிலும் பணி முடிய வேண்டும் என்பது விதி. பழைய சிம் செயலிழந்து புதியது உயிர்பெறும் வரை சில மணி நேரம் சேவை இருக்காது. வங்கி ஓடிபி தேவைப்படும் பணிகளை அந்நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. பிரீபெய்டு வாடிக்கையாளரின் மீதித் தொகையும் எஞ்சிய செல்லுபடி நாள்களும் புதிய நிறுவனத்துக்கு வராது. ஆண்டுத் திட்டத்தில் பாதியைக்கூடப் பயன்படுத்தாதவர்கள் இதை முதலில் கணக்கிட வேண்டும்.

படிப்புக்காகவோ வேலைக்காகவோ தமிழகத்திலிருந்து மைசூரு வந்தவர்கள் தமிழ்நாடு வட்ட எண்ணைக் கர்நாடக வட்டத்துக்கு மாற்றியே ஆக வேண்டியதில்லை. நாட்டுக்குள் ரோமிங் கட்டணம் இல்லாத திட்டங்களே இன்று பெரும்பாலும் வழக்கில் உள்ளன. மாற்ற விரும்பினால் 2015 ஜூலை 3 முதல் அதற்கும் அனுமதி உண்டு. மைசூருவும் பெங்களூருவும் ஒரே கர்நாடக வட்டத்தைச் சேர்ந்தவை.

கேட்காமலே யுபிசி குறியீடு வந்தால் அதை எவரிடமும் சொல்லக் கூடாது. அக்குறியீட்டைக் கொண்டு எண்ணைக் கைப்பற்றினால் வங்கி ஓடிபிகளும் மோசடிக்காரரின் கைக்குப் போய்விடும். சிம் தொலைந்து புதிய சிம் பெற்ற 7 நாள்களுக்குள் குறியீடு வழங்கக் கூடாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதும் இதனால்தான். கோரிக்கை முறையற்ற வகையில் நிராகரிக்கப்பட்டால் நிறுவனத்தின் புகார் மையத்திலும், தீர்வு கிடைக்காவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் முறையிடலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.