தொக்கணமும் உரிமமும்

நோய் தீர்க்கும் முயற்சிக்கு உறுப்புகள் நான்கு எனத் திருக்குறளின் மருந்து அதிகார இறுதியில் வகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் மருத்துவனைத் 'தீர்ப்பான்' என்றும், நோயாளியின் அருகிருந்து பணி செய்வோனை 'உழைச்செல்வான்' என்றும் வள்ளுவர் பெயரிட்டார். கையால் உடலை நீவியும் அழுத்தியும் நோய் தணிப்போன் இவ்விருவருள் யாவன்? கடந்த நூறாண்டுச் சட்ட வரலாறு இவ்வினாவையே எழுப்பி ஒரு விடையும் கண்டுள்ளது. அதனை, வேடசந்தூர் போன்றதொரு வட்டாரத்தைக் கருத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

திண்டுக்கல் சமவெளியின் ஊர்களில் 'சுளுக்கெடுத்தல்', 'நீவிவிடுதல்', 'பிடித்துவிடுதல்' என வழங்கும் தொழில்களைச் சித்த மருத்துவ நூல்கள் 'தொக்கணம்' என்னும் ஒரு சொல்லில் அடக்குகின்றன. புறமருத்துவம் 32 எனக் கூறப்படுவனவற்றுள் அஃது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். வர்ம நூல்களோ உடலில் 108 வர்மங்களை எண்ணி, அவற்றுள் 12 படுவர்மம் என்றும் 96 தொடுவர்மம் என்றும் பகுக்கின்றன. தவறிய அழுத்தம் உயிர்க்கே ஊறு செய்யும் என்பதனால், மாணாக்கனைப் பல்லாண்டு சோதித்த பின்னரே ஆசான் இக்கலையை உணர்த்துவது மரபு. எனவே, தகுதி தேர்ந்து இசைவு தருதல் நமக்குப் புதியதன்று. தருவோர் மாறியதே புதிது.

இம்மாற்றத்தின் தொடக்கம் 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டமாகும். மேலை மருத்துவம் பயின்றோர்க்கே அதன் பதிவேடு திறந்தது. நாட்டு மருத்துவர் புறத்தே நின்றனர். அவர்தம் குறை ஆராயச் சென்னை அரசு 1921இல் முகமது உசுமான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1923இல் அதன் அறிக்கை வெளிவந்தது; அதன் பயனாகச் சென்னையில் அரசினர் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி அமைந்தது. இவற்றால் சித்த மருத்துவம் ஏற்றம் பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், கல்விக்கூடம் தோன்றிய அளவில், கல்விக்கூடம் புகாதோன் கல்லாதவன் எனக் கருதப்படலானான்.

1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மையக் குழுச் சட்டம், ஏற்புடைய பட்டம் பெற்றுப் பதிவு செய்தோரே தொழில் செய்யலாம் என வரையறுத்தது. முன்னரே உரிமை பெற்றிருந்தோரின் உரிமையை மட்டும் காத்தது. தமிழ்நாட்டில் சித்த மருத்துவர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. கேரளத்துப் பரம்பரை வைத்தியர் தொடுத்த வழக்கில், ஏற்புடைய தகுதியின்றி மருத்துவத் தொழில் செய்தல் ஒல்லாது என 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மையக் குழுச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் வந்தபோதும் இந்நிலை மாறவில்லை. உடல் அயர்ச்சி போக்கும் எண்ணெய்த் தேய்ப்பு வேறு. நோய் தீர்ப்பதாகக் கூறிச் செய்யும் தொக்கணம் வேறு. மேற்கூறிய தடை பின்னையதற்கே உரியது.

இன்று வேடசந்தூர் இளைஞன் ஒருவன் முறைப்படி இத்தொழிலில் புக விழைந்தால், அவனுக்குள்ள வழி யாது? சித்த மருத்துவப் பட்டம் பெறுதல் ஒன்று. அஃது இயலாதாயின், பாளையங்கோட்டையிலோ சென்னையிலோ அரசு நடத்தும் இரண்டரை ஆண்டு 'நர்சிங் தெரபி' பட்டயப் படிப்பு மற்றொன்று. அப்பட்டயம் பெற்றோர் அரசின் இந்திய மருத்துவத் துறையில் 'சிகிச்சை உதவியாளர்' பணிக்குத் தகுதியுடையர். பெயரே நிலையை உணர்த்தும். மருத்துவன் பணிக்கத் தொக்கணம் செய்யும் இவர், வள்ளுவர் கூறிய உழைச்செல்வானே ஆவர். தொட்டு நோயறிந்து, தொட்டே நோய் தணித்த ஆசானின் ஒரு தொழிலைச் சட்டம் இரண்டாகப் பகுத்து, அறிதலை ஒருவர்க்கும் கைத்தொழிலை மற்றொருவர்க்கும் அளித்தது.

இப்பகுப்பு முழுவதும் தீது என்பது எம் கருத்தன்று. நோயாளியின் உயிர்க்காப்பு அதன் நோக்கம். உழைச்செல்வானை மருத்துவத்தின் உறுப்பாக எண்ணிய மரபில் அப்பெயர் இழிவும் அன்று. குறை வேறொன்று. ஏட்டுக்கல்வி இன்றி, முப்பது நாற்பது ஆண்டுகள் சுளுக்கெடுத்துப் பழகிய முதியவரின் கையறிவைச் சோதித்து ஏற்கும் வாயில் சட்டத்தில் இல்லை. இந்தியத் தரக் குழுமம் மரபு மருத்துவர்க்கு ஒரு தன்விருப்பச் சான்றளிப்புத் திட்டம் கண்டுள்ளது. எனினும் அது திறமைக்குச் சான்றேயன்றித் தொழிலுக்கு உரிமம் அன்று.

பட்டம் ஒன்றையே தகுதியின் அளவாகக் கொண்டால், இம்முதியோரோடு அவர்தம் அறிவும் அதனைக் குறித்த சொற்களும் ஒருங்கே மறையும். உரிமம் வழங்குதல் அரசின் கடன். அதற்கு முன்னர், வட்டாரந்தோறும் சென்று இக்கைமுறைகளையும் அவற்றின் பெயர்களையும் தொகுத்து, நூல்வழக்கோடு ஒப்புநோக்கி வைத்தல் தமிழ்த்துறைகளின் கடன். எதனைச் சோதிப்பது என்பது தெளிந்தாலன்றிச் சோதனைக்கு வழி பிறவாது. இத்தொகுப்புப் பணியை இளம் ஆய்வாளர் வேடசந்தூர் போன்ற ஊர்களினின்றே தொடங்கலாம்.